கூப்பிட்டா வராத ஜிம்மி

ஜிம்மிக்குக் காது நல்லாக் கேட்கும். குசினிக்குள்ள கருவாட்டுப் பையைத் திறக்கிற சத்தம், வளவின் மற்றத் தொங்கலில் படுத்திருக்கிறவனுக்கு விளங்கும். ஆனால் பின்னேரம் நடக்கக் கூட்டிக்கொண்டு போய்ச் சங்கிலியைக் கழற்றிவிட்டால் மட்டும், நாங்கள் நாலு பேரும் சேர்ந்து கத்தினாலும் அவனுக்குக் கேட்காது.

நாங்கள் கொக்குவிலில் ஒரு அன்ரி வீட்டில் போடிங். மட்டக்களப்பு, மன்னார், வவுனியா, ஹற்றன் என்று நாலு திக்கிலிருந்தும் கம்பசுக்கு வந்த நாலு கலைப்பீடப் பெட்டைகள். ஜிம்மி எங்களுக்கு முதலே அங்க இருந்த ஊர்நாய். பகல் முழுக்கச் சங்கிலியில் கிடப்பான். அதைப் பார்க்க ஏலாமல்தான் பின்னேர நடையைத் தொடங்கினோம். ஒழுங்கையால் போனால் செம்மண் தோட்டங்கள். அதைத் தாண்டினால் காங்கேசன்துறைக்குப் போகிற தண்டவாளம்.

ஒருநாள் கீரி ஒன்றைத் துரத்திக்கொண்டு வெங்காயப் பாத்தியளை மிதித்து, தண்டவாளத்தில் ஏறிவிட்டான். தூரத்தில் ரெயின் கோண் அடித்தது. நாங்கள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு பின்னால ஓட, அவன் திரும்பிப் பார்த்து வாலாட்டிவிட்டு இன்னும் வேகமாக ஓடினான். நாங்களும் விளையாட வாறம் எண்டு நினைச்சிட்டான். காப்பாற்றப் போன நாங்கள்தான் அவனைத் தண்டவாளத்தின் நீளத்துக்குத் துரத்தியிருக்கிறோம். கடைசியில் அவனாகத்தான் இறங்கினான். ரெயின் போன பிறகு பக்கத்தில் வந்தவனுக்கு முதுகில் ரெண்டு அடி. பிறகு சங்கிலி.

அண்டைக்கு இரவு அன்ரி சொன்னா: "இன்னொருக்கா இப்பிடி நடந்தா, நாய்க்கு நடையும் இல்லை, ஒண்டும் இல்லை. பொம்பிளைப் பிள்ளையள் ரோட்டில நிண்டு கத்துறதை ஊரே பாத்துக்கொண்டு நிக்குது."

எங்களில் ஒருத்தி கல்வியியல் படிக்கிறாள். எட்வர்ட் தோண்டைக் 1898 இல் பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்துச் செய்த பரிசோதனையைச் சோதனைக்குப் பாடமாக்கிக்கொண்டிருந்தவள், திடீரென்று கொப்பியை மூடினாள். நல்ல விளைவு கிடைத்த செயலைத்தான் உயிர் திரும்பச் செய்யும் என்பது அவர் சொன்ன விதி. "நாங்கள் கூப்பிட்டு வந்தா ஜிம்மிக்கு என்ன கிடைக்குது?" எண்டு கேட்டாள். யோசித்துப் பார்த்தோம். சங்கிலி, குளிப்பு, அடி. 'ஜிம்மி, வா' எண்டா அவனுக்கு 'சந்தோசம் முடிஞ்சுது' எண்டுதான் அர்த்தம்.

"அம்மாவின்ர கோலை நானும் அதாலதான் எடுக்கிறேல்லை" எண்டாள் மன்னார்க்காரி. றிசல்ட் வந்ததோ எண்டு கேட்க மட்டும் வாற கோல் அது. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

கெட்டுப்போன சொல்லை விட்டுவிட்டுப் புதுச் சத்தம் ஒன்று தேடினோம். அது ஏற்கனவே ஒழுங்கைக்குள் வந்துகொண்டிருந்தது. பாண் ஓட்டோ போடுகிற மெட்டு, பீத்தோவன் 1810 இல் எழுதிய 'ஃபூர் எலிஸ்'. அதைக் கேட்டாலே ஜிம்மி துள்ளி எழும்புவான். அன்ரி பணிஸில் ஒரு துண்டு போடுவா. அந்த மெட்டு அவனை ஒருநாளும் அடித்ததில்லை. அதன் முதல் துண்டை விசிலடிக்கப் பழகினோம்.

முதல் கிழமை வளவுக்குள் மட்டும். விசில் அடித்தவுடன் உப்புப் போகக் கழுவி அவித்த நெத்தலி ஒன்று. பிறகு கேற்றடி, பிறகு ஒழுங்கை. தோட்டப் பக்கம் போக 10 மீற்றர் நைலோன் கயிறு. கழுத்து நெரியாமல் நெஞ்சைச் சுற்றிப் பட்டி போட்டு அதில் கட்டினோம். விசில் ஒருக்காத்தான். வராட்டிப் பின்னால ஓடுறதில்லை, எதிர்ப்பக்கம் ஓடுவோம். அப்ப அவன் எங்களைத் துரத்துவான். வந்தால் நெத்தலியைக் குடுத்து, தடவி, "போடா" எண்டு திரும்ப விளையாட விடுவோம். எவ்வளவு பிந்தி வந்தாலும் ஏச்சில்லை. எங்களுக்குப் பழகக் கஷ்டமாக இருந்தது இதுதான்.

"பொம்பிளைப் பிள்ளையள் விசிலடிக்கிறதோ?" எண்டு தோட்டத்து ஐயா கேட்டார். "பாண் ஓட்டோ அடிக்கலாம், நாங்கள் அடிக்கக் கூடாதோ ஐயா?" எண்டாள் ஹற்றன்காரி. அவர் தன்ர வெங்காயத்தைப் பார்த்தார். "சரி, நாய் பாத்தியை மிதிக்காட்டிக் காணும்."

மூன்றாம் மாதம் திரும்பவும் கீரி. ஜிம்மி பாய்ந்த பாய்ச்சலில் கயிற்று நுனி கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. வாய் காய்ந்து முதல் விசில் காற்றாகத்தான் வந்தது. ரெண்டாவது சரியாக வந்தது. ஜிம்மி நின்றான். கீரியைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். பிறகு கயிறு செம்மண்ணில் இழுபட இழுபட ஓடி வந்தான். கையிலிருந்த நெத்தலி முழுவதையும் கொட்டிவிட்டோம். ஏசுவதற்கு ஒருத்தருக்கும் நினைவே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ரெயின் போனது.

இப்பவும் தண்டவாளப் பக்கம் நாங்கள் கயிற்றைக் கழற்றுவதில்லை. ஒருநாள் வந்ததை வைத்து ஒவ்வொரு நாளும் வருவான் எண்டு சொல்ல ஏலாது.

அண்டைக்கு இரவு மன்னார்க்காரிக்கு வீட்டிலிருந்து கோல் வந்தது. எடுத்தாள். இருபது நிமிஷம் ஜிம்மியின் கதைதான். கடைசியில் அம்மா றிசல்ட்டைப் பற்றிக் கேட்டாதான். ஆனால் அடுத்த நாள் அவள்தான் முதலில் கோல் எடுத்தாள்.