ஒட்டுக்கட்டை

என்சிசி முகாமில் முதன்முதலாகப் பாயின்ட் 22 துப்பாக்கி கைக்கு வந்தபோது, நான் செய்த முதல் காரியம் அதன் கட்டையை முகர்ந்து பார்த்தது. பையன்கள் சிரித்தார்கள். செஞ்சியில் தச்சர் வீட்டுப் பிள்ளைக்கு அது பழக்கதோஷம். எண்ணெயும் வியர்வையும் ஏறி, புளியங்கொட்டை நிறத்துக்குப் போயிருந்த அக்ரூட் மரம். அக்ரூட்டை அதுவரை கொட்டையாகத்தான் எனக்குத் தெரியும்.

முதல் நாள் 25 கெஜத்தில் சுட்ட ஐந்து ரவையையும் ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம். இரவு மழை. துப்பாக்கிகள் இருந்த கூடாரத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மறுநாள்தான் அணித் தேர்வு. ஐந்தும் பக்கத்தில் பக்கத்தில்தான் விழுந்தன, ஆனால் ஒரு விரற்கடை தள்ளி. "டிரிகரை இழுக்கிற, பயந்தாங்கொள்ளி" என்றார் பயிற்றுநர். நானும் நம்பினேன். நாலைந்து வருஷம் நம்பினேன்.

அப்பாவிடம் அதைச் சொன்னதே கல்லூரி முடித்த பிறகுதான். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஐப்பசியில நம்ம வீட்டுக் கதவு ஏன் புடிக்குது?"

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. ஈரம் குடித்தால் அகலவாக்கில்தான் உப்பும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லை. குழலை ஒட்டியே ஓடும் முன்கட்டை உப்பினால் குழலை ஒரு பக்கமாக நெட்டித் தள்ளும். ஈஷாப்பூர் தொழிற்சாலையின் பழைய 303 துப்பாக்கிகளில் முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகு இருக்கும், மரம் பிளக்காமல் பிடித்துக்கொள்ள. நம் ஊர் வெயிலையும் மழையையும் பார்த்து வைத்த திருகு. நான் அதைப் பார்த்திருக்கிறேன், எதற்கென்று கேட்டதில்லை.

பிறகு சென்னையில் ஒரு சுடுதளத்தில் ஒட்டுக்கட்டை வைத்த துப்பாக்கியைப் பார்த்தேன். மெல்லிய மரத்தகடுகளைப் பிசினில் ஒட்டி, அழுத்தி, கடைந்தது. பழுப்பும் சாம்பலுமாக வரிவரியாய், சந்தையில் விற்கிற பர்பி மாதிரி. அழகு என்று சொல்ல மாட்டேன். கனமும் அதிகம். 1930களின் கடைசியில் ஜெர்மானியர்கள் மவுசர் துப்பாக்கிக்கு அக்ரூட்டை விட்டு இந்த வழிக்கு வந்தார்கள். நல்ல அக்ரூட் வருஷக்கணக்கில் பதப்பட வேண்டும், யுத்தம் காத்திருக்காது. காஷ்மீரில் 1969 சட்டப்படி, சொந்தத் தோட்டத்து அக்ரூட்டை வெட்டவும் அனுமதி வாங்க வேண்டும்.

படத்தை அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பும்போது வசவுக்குத் தயாராகத்தான் இருந்தேன். பிளைவுட் அவர் தொழிலைத் தின்ற சாமான். திருவண்ணாமலை சாலையில் பட்டறை வைத்திருந்தவர் இப்போது யாரோ வாங்கித் தரும் பலகையில் சமையலறை அலமாரி அடிக்கிறார், தினக்கூலிக்கு. உடனே போன் வந்தது.

"இது பிளைவுட் இல்லடா. அதுல ஒரு அடுக்கு நெட்டு, ஒரு அடுக்கு குறுக்கு. இதுல எல்லா அடுக்கும் ஒரே ஓட்டமா போவுது பாரு. ஒரு தகடு முறுக்கணும்னு நெனச்சாலும் பக்கத்துத் தகடு உடாது." கொஞ்சம் நிறுத்தி, "ஒட்டுனவன் மரம் தெரிஞ்சவன்" என்றார்.

தோளில் சுமந்து நடக்க அக்ரூட். மழை மாதத்தில் ஒரே ஒரு ரவை சரியாகப் போக வேண்டுமென்றால் ஒட்டுக்கட்டை. இதுதான் என் கட்சி. அப்பா இன்னும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

போன மாதம் இருவரும் ராஜகிரி ஏறினோம். 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம். எல்லோரும் மலையைப் படமெடுக்க, அப்பா ஒரு வாசலில் குனிந்து, கதவின் குடுமி சுழன்ற கல் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். கதவு எப்போதோ போய்விட்டது.

"எவ்ளோ கனம் இருந்திருக்கும்?" என்றேன்.

குழியின் தேய்மானத்தைத் தடவியபடி, "மழையில இதுவும் புடிச்சிருக்கும்டா" என்றார்.