நான் சொல்லாமல் விட்ட புகை

என் பிள்ளைகளுக்கும் (என்னிடம் படித்த எல்லோரும்தான்) உறவினர்களுக்கும்,

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தம்பி மகன் ஒரு வீடியோ போட்டிருந்தான். "பழைய போனைத் தூக்கி எறியாதீர்கள், உள்ளே தங்கம் இருக்கிறது" என்று தலைப்பு. ஒருவர் கண்ணாடிப் பாத்திரத்தில் எதையோ ஊற்றுகிறார், பொங்குகிறது, கடைசியில் உள்ளங்கையில் ஒரு மஞ்சள் மணி. எல்லோரும் கைதட்டியிருந்தீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. ஏன் போடவில்லை என்பதை இரண்டு வரியில் சொல்ல முடியாது. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

போனில் தங்கம் இருப்பது பொய் இல்லை. தங்கம் கருக்காது, துருப்பிடிக்காது, மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும். அதனால் இணைப்பு முனைகளில் மெல்லிய பூச்சாகப் பூசுகிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களையே ஜப்பான்காரர்கள் இப்படிச் செய்தார்கள். 2017 ஏப்ரலில் இருந்து 2019 மார்ச் வரை நாடு முழுக்க மக்களிடம் பழைய சாமான்களைச் சேகரித்தார்கள். 78,985 டன் மின்னணுச் சாமான்கள், அது போக சுமார் 62 லட்சம் கைபேசிகள். அவற்றில் கிடைத்த தங்கம் 32 கிலோ.

32 கிலோ என்றதும் வாயைப் பிளக்காதீர்கள். வகுத்துப் பாருங்கள். டன்னுக்கு அரை கிராம் கூட வரவில்லை! கைபேசிகளை மட்டும் தனியாக எடுத்தால் கணக்கு மேல்தான், டன்னுக்கு 300 கிராம் வரைகூடச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு டன் என்பது ஏறக்குறைய பத்தாயிரம் போன். ஒரு போனுக்கு 0.03 கிராம். ஒரு சவரன் சேர 260 போனுக்கு மேல் உடைக்க வேண்டும். வீடியோவில் அந்த மணிக்குப் பின்னால் எத்தனை போன் இருந்தது என்று காட்டினார்களா?

எங்கள் ஆரணிப் பக்கத்துக்கு இந்த வேலை புதிதும் இல்லை. பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வருவார். ஜரிகையை எரித்து வெள்ளியை எடுப்பார்கள். என் அம்மாவின் கல்யாணப் புடவை அப்படித்தான் போயிற்று. அந்தக் காசில்தான் எனக்கு டீச்சர் டிரெயினிங் சேரும்போது பெட்டி வாங்கினார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என்னிடம் 1997இல் எட்டாம் வகுப்பு படித்த ஒருவன். பெயர் வேண்டாம். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறான். இரண்டு மாதம் முன்பு அவன் மனைவி போன் செய்து, "டீச்சர், அவருக்கு உடம்பு சரியில்ல, நீங்க சொன்னா கேப்பாரு" என்றாள். போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம்.

கடையில் சேரும் கம்ப்யூட்டர் போர்டுகளை இரண்டு வருஷமாகத் தானே உருக்குகிறான். முதலில் நைட்ரிக் ஆசிட். செம்பு, வெள்ளி எல்லாம் கரைந்து, தங்கப் பூச்சு மட்டும் தகடு தகடாக மிஞ்சும். அதை இராஜ திராவகத்தில் கரைத்து, வடிகட்டி, ஒரு பொடியைப் போட்டால் தங்கம் சேறு மாதிரி கீழே இறங்கும். அந்தச் சேற்றை வெங்காரம் போட்டு உருக்க வேண்டும். தெரு ஆசாரி செய்வது போலத்தான்.

மழை பெய்த ஒரு இரவு, கொல்லையில் செய்ய முடியாமல் கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்திருக்கிறான். செங்கல் நிறத்தில் புகை எழுந்திருக்கிறது. கொஞ்சம் இருமியிருக்கிறான், வெளியே வந்து தண்ணீர் குடித்திருக்கிறான், சரியாகிவிட்டது. சாப்பிட்டுப் படுத்துவிட்டான். விடியற்காலை மூன்று மணிக்கு மூச்சே வரவில்லை. அந்தப் புகையின் குணம் அது. நைட்ரஜன் டை ஆக்சைடு. அப்போதைக்கு விட்டுவிடும். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். நான்கு நாள் ஆக்சிஜன் வைத்துத்தான் பிழைத்திருக்கிறான்.

"யாருடா உனக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தது?" என்று கோபமாகத்தான் கேட்டேன்.

சிரித்தான். "நீங்கதான் டீச்சர்."

எனக்குக் கை கால் ஓடவில்லை.

எட்டாம் வகுப்பில் அமிலங்கள் பாடம். நான் கெமிஸ்ட்ரி படித்தவள் இல்லை. பயிற்சிப் பள்ளியில் படித்ததும் புத்தகத்தில் இருப்பதும்தான் தெரியும். ஆனால் ஏதோ ஒரு பத்திரிகையில் ஒரு கதை படித்திருந்தேன். 1940இல் ஜெர்மன் படை கோபன்ஹேகனுக்குள் நுழைகிறது. அங்கே நீல்ஸ் போரின் ஆய்வகத்தில் இரண்டு ஜெர்மன் விஞ்ஞானிகளின் நோபல் பதக்கங்கள் இருக்கின்றன. பெயர் பொறித்த தங்கம். அகப்பட்டால் உரியவர்களுக்கு ஆபத்து. ஹெவெஷி என்கிற விஞ்ஞானி இரண்டையும் இராஜ திராவகத்தில் கரைத்து, குடுவையை அலமாரியில் வைத்துவிட்டார். படைக்காரர்களுக்கு அது ஏதோ ஒரு ரசாயனம். போர் முடிந்து வந்து பார்த்தால் குடுவை அப்படியே இருக்கிறது. தங்கத்தைத் திரும்பப் பிரித்து அனுப்ப, மறுபடி பதக்கமாகவே செய்து கொடுத்தார்கள்.

இந்தக் கதையை வருஷா வருஷம் சொல்வேன். நடித்துக் காட்டியே சொல்வேன். பிள்ளைகள் மூச்சு விடாமல் கேட்பார்கள். உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக், ஒரு பங்கு நைட்ரிக் என்று கரும்பலகையில் எழுதியும் போடுவேன். புகையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

"அந்த சேறு உருகி மஞ்சளா நிக்கும் பாருங்க டீச்சர், அதப் பாக்கறதுக்கே செய்யலாம்" என்றான். அவன் முகம் அப்போது எட்டாம் வகுப்பில் பார்த்த அதே முகம். கடைசி பெஞ்சு, ஜன்னல் ஓரம். என் பாடத்தை இத்தனை வருஷம் யாராவது மனதில் வைத்திருக்கிறார்கள் என்றால் சந்தோஷம்தான் வர வேண்டும். வரவில்லை.

வீட்டுக்கு வந்தும் அவன் சுவரில் சாய்ந்திருந்ததே கண்ணில் நின்றது. எங்கள் பெரியப்பாவை நம் உறவில் மூத்தவர்களுக்குத் தெரியும். வடாற்காட்டில் இருந்து எத்தனையோ குடும்பம் போன மாதிரி அவரும் கோலார் தங்கவயலுக்குப் போனவர். பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரைக்கும் தோண்டிய சுரங்கம் அது. கல் தூசி நுரையீரலில் படிந்து, ஊர் திரும்பிய பிறகு திண்ணைத் தூணில் சாய்ந்தேதான் தூங்குவார். தங்கத்தில் புரண்டவர் என்று ஊரில் பேசுவார்கள். பெரியம்மா காதில் ஒரு குந்துமணித் தங்கம் இருந்ததில்லை. அந்தச் சுரங்கத்தை 2001 பிப்ரவரியில் மூடியபோது, டன் பாறைக்கு மூன்று கிராம் அளவுக்குத்தான் தங்கம் வந்துகொண்டிருந்ததாம். கட்டுப்படியாகவில்லை, மூடிவிட்டார்கள்.

கட்டுப்படியாகிறதா என்கிற அந்தக் கேள்வியைத்தான் இவனிடமும் கேட்கலாம் என்று மறுவாரம் ஒரு நாற்பது பக்க நோட்டோடு போனேன். புத்திமதி சொன்னால் "சரி டீச்சர்" என்பான், மறுநாள் செய்வான். கணக்கு வேறு. ஒரு மாதத்துக்கு எழுதினோம். போர்டு வாங்கிய விலை, ஆசிட், கேஸ், உடைக்கிற பையன் கூலி எல்லாம் போக அவனுக்கு நின்றது ஒன்பதாயிரத்துச் சொச்சம். அதே போர்டுகளை உருக்காமல், தரம் பிரித்து, பதிவு பெற்ற மறுசுழற்சிக் கம்பெனிக்குச் சரக்கு அனுப்புகிற வியாபாரியிடம் முழுசாக விற்றிருந்தால்? அவனே போன் போட்டு விலை கேட்டான். ஏழாயிரத்து ஐந்நூறு.

"ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்காகவாடா?" என்றேன். அவன் பேசவில்லை. ஆஸ்பத்திரி பில்லை அந்த நோட்டில் எழுத நான் சொல்லவில்லை. அவன் மனைவிதான் பேனாவை வாங்கி எழுதினாள்.

இப்போது உருக்குவதை நிறுத்தியிருக்கிறான். அந்த வியாபாரியிடமே போடுகிறான். 2023 ஏப்ரலில் வந்த விதிகளின்படியும் பதிவு பெற்ற நிறுவனம் தவிர யாரும் இதைச் செய்யக் கூடாது. மாடிப்படி ஏறினால் இன்னும் இளைக்கிறது. உடைக்கிற பையனையும் மார்பு எக்ஸ்ரே எடுக்க அனுப்பியிருக்கிறோம். அவனுக்குப் பத்தொன்பது வயது.

தம்பி மகனே, வீடியோவை எடுத்துவிடு என்று சொல்லவில்லை. இதையும் அதன் கீழே போடு.

உங்களிடம் எனக்கு ஒரு உதவி வேண்டும். அவன் கொல்லையில் கிணற்றடி ஓரமாக இரண்டு கேன் நிறையப் பழைய ஆசிட் நிற்கிறது. செம்பும் ஈயமும் கரைந்து பச்சையாக இருக்கிறது. பக்கத்து வயலில் கொட்டிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். அந்தக் கிணற்றில்தான் நான்கு வீடு தண்ணீர் எடுக்கிறது. இதை வாங்கிக்கொள்ள அனுமதி பெற்றவர்களிடம் விசாரித்தேன். இரண்டு கேனுக்கு வண்டி அனுப்ப முடியாது என்கிறார்கள். ராணிப்பேட்டைப் பக்கம் ரசாயனத் தொழிற்சாலைகளில் என் பிள்ளைகள் நான்கைந்து பேராவது இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஆலைக் கழிவோடு சேர்த்து முறைப்படி இதை அனுப்ப வழி இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். கேனின் மூடி ஏற்கெனவே பொரிந்து வருகிறது. மழைக்காலத்துக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும்.

அன்புடன்,
டீச்சர்