உறைக்குள் இருந்த லென்ஸும் ஊர் சுற்றிய லென்ஸும்

டி.வி ரிமோட்டுக்கு பாலிதீன் கவர், புது சோஃபாவுக்கு மேல் பழைய பெட்ஷீட், கார் வாங்கி மூன்று வருடமாகியும் சீட்டில் கிழிக்கப்படாத பிளாஸ்டிக் உறை... கீறல் விழாமல் ஒரு பொருளைக் காப்பாற்றுவதில் நம் வீடுகளை மிஞ்ச ஆளில்லை. நாகர்கோவிலில் கல்யாண போட்டோகிராபராக இருக்கும் அந்த 27 வயது இளைஞரும் அப்படியொரு வீட்டில் வளர்ந்தவர்தான்.

கீறல் என்றாலே அவருக்கு பயம். காரணம், வாடகை லென்ஸ். தொழிலுக்கு வந்து முதல் மூன்று வருடங்கள் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் லென்ஸை வாடகைக்கு எடுத்தார். திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரர் லென்ஸை வெளிச்சத்தில் உருட்டி உருட்டிப் பார்ப்பார். புதிதாக ஒரு கோடு தெரிந்தால் முன்பணத்தில் கை வைத்துவிடுவார். ரிசப்ஷன் கூட்டத்தில் யாரோ ஒரு குழந்தை இடித்ததற்கு ஒரு நாள் சம்பளமே போன கதையெல்லாம் உண்டு.

சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவெடுத்தபோது, அம்மா தன் இரண்டு பவுன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். அதை அடகு வைத்து வந்த பணத்தில் புது லென்ஸ் வாங்க முடியாது. பழைய கேமரா வாங்கி விற்கும் கடைக்குத்தான் போனார்.

கடையில் அவர் தேடிய 70-200 எம்.எம் லென்ஸ் இரண்டு இருந்தன. ஒரே மாடல். முதலாவது, பளபளவென்று இருந்தது. தோல் உறை, பெட்டி, பில் எல்லாம் பத்திரம். இரண்டாவது, ஒரு கல்யாண போட்டோகிராபர் விற்றது. விளிம்பில் பெயின்ட் உரிந்து உலோகம் தெரிந்தது. ஜூம் வளையத்தின் ரப்பர் வெளுத்திருந்தது. முன் கண்ணாடியின் ஓரத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு. விலை எட்டாயிரம் ரூபாய் குறைவு.

அவர் கை முதலாவது லென்ஸுக்குத்தான் போனது. கடையில் இருந்த மெக்கானிக், "அவசரப்படாதீங்க தம்பி" என்று சொல்லி, லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே கண்ணாடியின் மீது சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல்கள். ஃபங்கஸ்.

"தோல் உறையில போட்டு, பீரோவுல வச்சுப் பூட்டியிருக்காங்க. வருஷக்கணக்கா வெளிச்சமும் காத்தும் படல. வெளியில ஒரு கீறல் இல்ல. உள்ளதான் போயிருச்சு" என்றார்.

காப்பாற்றும் உறையே கெடுக்கும்

லென்ஸ் ஃபங்கஸுக்குத் தேவை ஈரப்பதம், இருட்டு, அசையாத காற்று. கடலோர ஊர்களில் பூட்டிய பீரோவுக்குள் மூன்றும் தாராளமாகக் கிடைக்கும். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஃபங்கஸிலிருந்து கசியும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிட்டால், சுத்தம் செய்தாலும் தழும்பு போகாது. எனவே லென்ஸை 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைப்பதுதான் நல்லது. அதற்கென்று டிரை கேபினட் இருக்கிறது. வசதி இல்லாதவர்களுக்குக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவும், சிலிக்கா ஜெல்லும் போதும். நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லாக இருந்தால், அது ஈரம் குடித்து நிரம்பியதை நிறமே சொல்லிவிடும்.

சரி, இரண்டாவது லென்ஸின் முன் கண்ணாடியில் இருந்த கீறல்? மெக்கானிக் அதைக் கேமராவில் மாட்டிக் கொடுத்தார். வாசலில் நின்ற பைக்கைப் படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்தார். கீறல் எங்கேயும் இல்லை. நாம் ஃபோகஸ் செய்வது தூரத்தில் இருக்கும் பொருளை. லென்ஸின் மேலேயே இருக்கும் சின்னக் கோடு அந்த ஃபோகஸில் கரைந்துபோகும். வெயிலுக்கோ விளக்குக்கோ நேராகத் திருப்பினால் மட்டும் லேசான மங்கல் தெரியலாம். உண்மையில் பயப்பட வேண்டியது பின்பக்கக் கண்ணாடிக்குத்தான். சென்சாருக்கு அருகில் இருப்பதால், அங்கே விழும் கீறல் படத்தில் தெரிய வாய்ப்பு அதிகம். லென்ஸைக் கழற்றியதும் பின் மூடியை மாட்டச் சொல்வது அதனால்தான்.

தேய்ந்த லென்ஸோடு அவர் வீட்டுக்கு வந்தார். "என்ன மக்களே, இம்புட்டுப் பணம் குடுத்து பழசையா எடுத்துட்டு வந்திருக்க?" என்று அம்மா கேட்டார். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

மணலுக்கு மட்டும் பயப்படுங்கள்

அடகுப் பணத்தில் வாங்கிய லென்ஸ். அது இன்னொரு பத்து வருடம் உழைக்க வேண்டும். அதனால் எதைக் காப்பாற்ற வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டார்.

முதல் எதிரி மணல். கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரையில் கல்யாண ஷூட் இல்லாத மாதம் அபூர்வம். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் சாதாரணக் கண்ணாடி 5.5 அளவில் நிற்கிறது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் கார்னெட், சிர்கான் போன்ற கனிமங்களும் உண்டு. அவையும் கண்ணாடியைவிடக் கடினமானவை. அந்த மணல் ஒட்டியிருக்கும்போது சட்டை நுனியால் ஒரு துடைப்பு துடைத்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். எனவே முதலில் ப்ளோயரால் ஊத வேண்டும். பிறகு மென்மையான பிரஷ். கடைசியில்தான் மைக்ரோஃபைபர் துணி.

இரண்டாவது, இடி. அதைத் தாங்குவது லென்ஸ் ஹூட். வெளிச்சத்தை மறைக்கத்தான் ஹூட் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் லைட் ஸ்டாண்டில் மோதும்போதும், மேடைப் படியில் இடிக்கும்போதும் முதல் அடியை வாங்குவது அதுதான். ஹூட் உடைந்தால் சில நூறு ரூபாயிலேயே மாற்று கிடைக்கும். கண்ணாடி உடைந்தால் அடுத்த சங்கிலிக்கு எங்கே போவது?

முன்பக்கம் மாட்டும் யு.வி ஃபில்டரை அவர் கடற்கரையில் மட்டும் போடுகிறார். மண்டபத்தில் கழற்றிவிடுவார். சீரியல் விளக்குகளின் வெளிச்சம் ஃபில்டரில் பட்டுத் திரும்பி, படத்தில் பேய்ப் புள்ளிகளாக விழும்.

உடல் பாகத்துக்கு நியோபிரீன் உறை போட்டிருக்கிறார். நீச்சல் உடைகளுக்குப் பயன்படும் அதே ரப்பர் துணிதான். ஆனால் மழையில் நனைந்தாலோ, வேர்வை பட்டாலோ வீட்டுக்கு வந்ததும் உருவி, தனியாகக் காயப்போடுகிறார். அந்த பீரோ லென்ஸ் சொல்லிக்கொடுத்த பாடம். கொசு விரட்டி தடவிய கையோடு லென்ஸைத் தொடுவதும் இல்லை. சில விரட்டிகளில் இருக்கும் 'டீட்' என்ற வேதிப்பொருள் பிளாஸ்டிக்கையும் பெயின்டையும் கரைக்கக்கூடியது.

விளிம்பில் உரிந்த பெயின்ட்டை மட்டும் அவர் சரிசெய்யவே இல்லை. அது படத்தில் வராது. விற்கும்போது விலை குறையும், அவ்வளவுதான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2015-ல் லைக்கா நிறுவனம், இசைக்கலைஞர் லென்னி கிராவிட்ஸோடு சேர்ந்து ஒரு கேமராவை வெளியிட்டது. பல வருடம் உழைத்தது போலத் தெரிய வேண்டும் என்று, புதுக் கேமராவின் கறுப்பு பெயின்ட்டைக் கையாலேயே தேய்த்து, உள்ளே இருக்கும் பித்தளை தெரியும்படி செய்தார்கள். மொத்தமே 125 செட்தான். நம் ஊரில் விலையைக் குறைக்கும் தேய்மானத்தை, அங்கே விலை வைத்து விற்றார்கள்!

உங்கள் போனுக்கும் இதே கணக்குதான்

போன் கேமராவுக்கும் இது பொருந்தும். பாக்கெட்டில் இருக்கும் சாவியும் சில்லறையும் பெரும்பாலும் கண்ணாடியைவிட மென்மையானவை. கோடு போடுவது பாக்கெட்டின் அடியில் தங்கும் மணல்தான். மாதம் ஒருமுறை பாக்கெட்டையும் கைப்பையையும் உதறுங்கள். கேமரா மேட்டைவிடக் கொஞ்சம் உயரமான விளிம்புள்ள கவர் போடுங்கள். கேமராவின் மேல் ஒட்டும் மலிவான கண்ணாடிக்குள் தூசி சேர்ந்தால் இரவுப் படங்கள் மங்கும். அப்படி மங்கினால் தயங்காமல் பிய்த்து எறியுங்கள்.

பத்து மாதத்தில், அந்த லென்ஸ் சம்பாதித்த பணத்திலேயே சங்கிலி வீட்டுக்குத் திரும்பியது. அடகுக் கடையில் எடை போட்டபோது இரண்டு பவுனுக்குச் சற்றுக் குறைவாகவே காட்டியது. "வைக்கும்போதும் இதே எடைதான், சீட்டைப் பாருங்க" என்றார்கள். அவர் முகம் வாடியதைப் பார்த்து அம்மா சிரித்துவிட்டார்.

"இருபத்தெட்டு வருஷம் கழுத்துல கிடந்ததுல்லா மக்களே, தேயாம இருக்குமா?"

அங்கேயே அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். மகனுக்கு அன்று மாலை ஒரு ரிசப்ஷன் இருந்தது.