பதினெட்டுப் படிகள்

என் எழுதும் அறை மாடியில் இருக்கிறது. மொத்தம் 18 படிகள். இத்தனை வருஷமாக ஏறி இறங்கியும் நான் அவற்றை எண்ணியதில்லை. சென்ற தை மாதம் மாரடைப்பு வந்து, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு திரும்பிய பிறகுதான் எண்ணினேன். அதுவும் கீழே சாய்வு நாற்காலியில் இருந்தபடி.

வீட்டில் எனக்கு ராஜோபசாரம். "நீங்க அசையாம இருந்தாலே போதுங்க" என்றாள் மனைவி. பார்க்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவர்களைவிட எனக்குத்தான் பயம் அதிகம். மாடியில் பாதி எழுதிய நாவல் கிடந்தது. பத்திரிகை ஆசிரியரிடம், உடம்பு சரியில்லை என்று சொல்ல முடிந்தது; படி ஏறப் பயம் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

ஆறாம் வாரம் டாக்டர் என்னை ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து அறை ஒன்றுக்கு அனுப்பினார். அங்கிருந்த பெண்ணுக்கு என் அக்கா மகள் வயது இருக்கும். ஆஸ்திரேலியாவில் உடற்பயிற்சி உடலியல் படித்தவள். அந்த நாட்டில் இது தனித் தொழில். நாள்பட்ட நோயாளிகளைக் குடும்ப டாக்டரே இவர்களிடம் அனுப்புவது வழக்கம். நம் ஊரில் பெரும்பாலும் பிசியோதெரபிஸ்டுகள்தாம் இந்த வேலையையும் பார்க்கிறார்கள்.

"ஆறு நிமிஷம் நடங்க, சார். ஓட வேண்டாம். நிக்கணும்னா நில்லுங்க" என்றாள். தாழ்வாரத்தில் போவதும் வருவதுமாக நடந்தேன். முடிந்ததும் ஓர் அட்டையை நீட்டினாள். அதில் 6 முதல் 20 வரை எண்கள். 6 என்றால் சும்மா இருப்பது. 20 என்றால் இதற்குமேல் முடியாது. ஸ்வீடன் தேசத்துக் குன்னார் போர்க் வகுத்த அளவு அது. ஆரோக்கியமான வாலிபன் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய அவன் நாடித் துடிப்பு வரும். எனக்கோ மாத்திரை நாடியைக் கட்டிப் போட்டிருந்தது. அதனால் என்னையே கேட்டாள்.

"17" என்றேன்.

"17ன்னா பேச்சு வராது, சார். நீங்க நடக்கும்போதே கரண்ட் பில்லைப் பத்திப் பேசிட்டு வந்தீங்க. இது கால் சொன்ன நம்பரா, பயம் சொன்ன நம்பரா?"

எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "11" என்றேன்.

அவள் சொன்ன பழைய கதைகளில் ஒன்று டல்லாஸ் நகரத்தில் 1966-ல் நடந்தது. ஐந்து வாலிபர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். முப்பது வருஷம் கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, அத்தனை வருஷ முதுமை குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அவர்கள் தெம்பை அதிகமாகக் குறைத்திருந்தது தெரிந்ததாம். நான் நாற்காலியில் கழித்த ஆறு வாரத்தை நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று லண்டன் பஸ் கதை. 1953-ல் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் வெளியிட்டது. உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவு. கண்டக்டர்கள் ஆரம்பத்திலேயே மெலிந்தவர்களாக இருந்திருக்கலாமே என்று வாதாடினேன். மாரிஸுக்கும் அந்தச் சந்தேகம் வந்து, சீருடைத் துணியின் இடுப்பளவுகளைக்கூடப் பார்த்தாராம்! ஆனாலும் மாடிப்படி என்ற சொல் என் மனத்தில் தங்கிவிட்டது.

வாரம் மூன்று நாள் போனேன். ஒரு நாள் சைக்கிள் மிதிக்கும்போது ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்குப் போதும், சார்" என்று நிறுத்தி, டாக்டரிடம் பேசி மாத்திரை அளவை மாற்றச் செய்தாள். அன்றைக்குத்தான் அவளை முழுக்க நம்பினேன். தட்டிக்கொடுப்பவர்கள் எனக்கு நிறையப் பேர் உண்டு. நிறுத்தத் தெரிந்தவர்கள் குறைவு.

ஒன்பதாம் வாரம் வீட்டுப் படியில் கால் வைத்தேன். மனைவி என் முதுகுக்குப் பின்னால் கையை ஏந்தியபடியே வந்தாள். பன்னிரண்டாம் படியில், "எவ்வளவுங்க?" என்றாள். அவளும் அந்த அட்டையைப் பாடம் பண்ணியிருந்தாள்.

"13."

மேலே போய் நாற்காலியை இழுத்தேன். "இருங்க, தூசி தட்டிட்டு உக்காருங்க" என்று துணி எடுக்கக் கீழே ஓடினாள்.