ஏரிக்கரைச் சரளைப் பாதை

சென்ற டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையின் முதல் நாள், விடியுமுன்பே பாலக்காட்டிலிருந்து ஒரு சிறிய சரக்கு வண்டியில் புறப்பட்டோம். நானும், எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளும், ஓட்டுநரும் முன்னிருக்கையில் நெருக்கியடித்து அமர்ந்திருந்தோம். பின்னால் சரக்கு ஏதும் இல்லை. கயிற்றால் கட்டிய இரண்டு மிதிவண்டிகள் மட்டுமே இருந்தன. திரும்பி வரும்போதுதான் அவ்வண்டி நிறைய வேண்டும்.

இடுக்கி மாவட்டத்தில், குண்டளைக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தாறு ஆண்டுகள் கொழுந்து பறித்த என் அம்மா ஓய்வு பெற்றிருந்தார். லயத்து வீடு வேலையோடு வருவது. வேலை முடிந்தால் அதுவும் முடிந்தது. மாத இறுதிக்குள் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். அம்மாவை எங்களுடன் அழைத்துவரவே அப்பயணம்.

மிதிவண்டிகளை ஏற்றியது மகளின் பிடிவாதம். அவள் மிதிவண்டி கற்றது மலம்புழை அணைக் கால்வாயின் கரையில். அங்கே பேருந்தும் இல்லை, லாரியும் இல்லை. பனைமரங்களும் கொக்குகளும்தான் துணை. ஆல்ப்ஸ் மலையின் ஏரிகளைச் சுற்றி மோட்டார் வண்டி நுழையாத பாதைகளில் மக்கள் மிதிவண்டி ஓட்டுவதை அவள் எங்கோ படம் பார்த்திருக்கிறாள். “அப்பத்தா வீட்டுக்குப் பக்கத்திலும் மலை இருக்கிறது, ஏரி இருக்கிறது. வீடு கைவிட்டுப் போவதற்குள் ஒரு முறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும், அப்பா” என்றாள். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நான், ஒரு நாளும் அங்கு மிதிவண்டி ஓட்டியதில்லை. எங்கள் லயத்தில் மிதிவண்டி வைத்திருந்தவர் எவரும் இல்லை.

பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் என்று செல்லும் அவ்வழி கேரளத்தில் தொடங்கித் தமிழ்நாட்டிற்குள் இறங்கி மீண்டும் கேரளத்தில் ஏறுகிறது. சின்னாற்றுக் காட்டில் யானைகள் சாலையைக் கடக்கும் வரை காத்திருந்தோம். நாங்கள் வந்த சரக்கு வண்டிக்கும் தமிழ்நாட்டில் ‘குட்டியானை’ என்றே பெயர். மகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மூணாற்றில் சிரிப்பு நின்றுவிட்டது. சுற்றுலா வண்டிகளின் வரிசையில் சிக்கி, மாட்டுப்பட்டியைத் தாண்டவே வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் காலை புல்லின்மேல் உறைபனி வெண்மையாகப் படிந்திருந்தது. தோட்ட அலுவலகத்தில் முன்னமே அனுமதி கேட்டிருந்தோம். யானை நடமாட்டம் இருப்பதால் வெயில் நன்றாக ஏறிய பின்னரே செல்லலாம் என்றனர். மூணாற்றுப் பக்கம் உலவும் கொம்பன் யானை ஒன்றுக்கு ரஜினிகாந்தின் திரைப்படத்தை நினைந்து ‘படையப்பா’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயரில் அன்பு இருக்கிறது; எதிரில் வந்தால் ஓடத்தான் வேண்டும்.

மகள் ஓட்டிய மிதிவண்டி என் நண்பருடையது; சரளைப் பாதைக்கென்றே அமைந்தது. பந்தய வண்டியைப் போல் வளைந்த கைப்பிடி. ஆனால் டயர் அகலமானது. காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால், அந்த டயர் கல்லின்மேல் துள்ளாமல் கல்லுக்கேற்பத் தன்னை அமுக்கிக்கொண்டு உருளும். என்னுடையது சாதாரண வண்டி. அதன் மெல்லிய டயர் ஒவ்வொரு கல்லையும் எண்ணி எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தது.

குண்டளை ஏரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1700 மீட்டர் உயரத்தில் உள்ளது. அணையின் பக்கம் படகுகளும் கடைகளும் கூச்சலுமாக இருக்கும். தோட்டத்திற்குள் திரும்பும் மண்பாதையில் சிறிது தூரம் சென்றதும் அந்த ஓசை அடங்கிவிட்டது. இடப்புறம் தேயிலை, வலப்புறம் சரிவின் கீழே நீர். சக்கரத்தின் அடியில் சரளை நொறுங்கும் ஒலி தவிர வேறொன்றும் இல்லை. ஆல்ப்ஸ் படத்தில் கண்டது இதுதானா என்று மகளிடம் கேட்டேன். “அங்கே தேயிலை இல்லை” என்றாள்.

இரண்டாவது இறக்கத்தில் அவள் விழுந்தாள். வளைவைக் கண்டு அஞ்சி முன்பிரேக்கை இறுகப் பிடித்துவிட்டாள். முன்சக்கரம் சரளையில் வழுக்கியது. முழங்கை சிராய்த்து இரத்தம் கசிந்தது. நான் வண்டியைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள், வளைவின் அடியிலிருந்து அம்மா ஏறி வந்துகொண்டிருந்தார். லயத்திலிருந்து எங்களுக்குப் பின்னால் நடந்து புறப்பட்டவர், தேயிலை வரிசைகளின் இடையே குறுக்குப் பாதையில் இறங்கி, மிதிவண்டிகளுக்கு முன்னரே அங்கு வந்துவிட்டிருந்தார்! கையில் காப்பித் தூக்கு வேறு.

காயத்தைக் கழுவிவிட்டு அம்மா சொன்னார்: “சரளையில் பயந்து காலை அழுத்தி ஊன்றினால் வழுக்கத்தான் செய்யும், கண்ணு. முழங்காலை இளக்கமாக வை. உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொள். கல் உருண்டால் அதனோடு கொஞ்சம் போய்விட்டுப் பிறகு நில். முதுகில் முப்பது கிலோ கொழுந்தோடு நாங்கள் இப்படித்தான் இறங்குவோம்.” மிதிவண்டியில் ஏறியே அறியாதவர் அவர். ஆயினும் நண்பர் எனக்குச் சொல்லித்தந்ததும் இதுவேதான்: கையை இறுக்காதே, எடையைப் பின்னுக்குக் கொண்டுபோ, பின்பிரேக்கை மெல்லப் பிடி.

காப்பி குடித்துக்கொண்டே, அப்பள்ளத்தாக்கில் ஓடிய பழைய இரயிலைப் பற்றி மகளுக்குச் சொன்னேன். 1902இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் இட்டனர். வண்டியின் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தின்மேல் உருளும். பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருண்டு வண்டி சாயாமல் தாங்கும். காளைகள் இழுக்கும். சிறு பிள்ளைகள் மிதிவண்டி பழகும்போது பக்கச் சக்கரம் பூட்டுகிறோமே, கிட்டத்தட்ட அதே உத்தி. 1908இல் அதற்குப் பதிலாக, இரண்டடி அகல இருப்புப் பாதை வந்தது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிநாயக்கனூர் சேர்ந்து, கப்பலேறி இங்கிலாந்து வரை சென்றன. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் இரயில் பாதையை அடித்துச் சென்றது. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தார் இன்றும் அதைத் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்பர். பாதை மறுபடி கட்டப்படவே இல்லை.

பிரான்சில் அன்சி ஏரியின் மேற்குக் கரையில் கைவிடப்பட்ட ஓர் இரயில் தடத்தை மிதிவண்டிப் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். பழைய சுரங்கத்திற்குள்ளேயே மிதிவண்டி புகுந்து வெளிவருகிறது. மோட்டார் வண்டிக்கு அங்கே இடமில்லை. நம் குண்டளைப் பள்ளத்தாக்கிலும் அப்படி ஒன்று அமைந்திருக்கலாமே என்று எனக்கு ஏக்கமுண்டு. மூணாற்றுச் சாலையின் வண்டி வரிசையில் நின்றால் உங்களுக்கும் வரும்.

அம்மா குறுக்கிட்டார். “மூணாற்றுச் சாலையில் வண்டி ஓடாத நாளை நான் பார்த்திருக்கிறேன். நாங்கள்தாம் நிறுத்தினோம்.” 2015 செப்டம்பரில் போனசுக்காகத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு மூணாற்றுச் சாலையில் அமர்ந்ததைச் சொன்னார். தலைவர்களை முன்னிறுத்தாமல் பெண்களே நடத்திய போராட்டம் அது. “அவ்வளவு பெரிய சாலையின் நடுவில் நின்று மலையைப் பார்த்தது அந்த நாட்களில்தான். மற்ற நாளெல்லாம் ஓரத்தில் ஒதுங்கியே நடந்தோம்.”

மகள் அதைப் பற்றி வேறொன்றும் கேட்கவில்லை. “பூட்டியும் இந்தப் பாதையில் நடந்திருப்பாரா?” என்று மட்டும் கேட்டாள்.

என் பாட்டி பத்து வயதுச் சிறுமியாகக் கங்காணியின் கூட்டத்தோடு போடியிலிருந்து கொட்டகுடி சென்று, அங்கிருந்து மலையேறி டாப் ஸ்டேஷன் வழியாக இங்கு வந்தவர். அன்று போடி சென்னை மாகாணத்தில் இருந்தது. குண்டளை திருவிதாங்கூர் அரசில். அவர் வந்தபோது ஏரி இல்லை. பள்ளத்தில் ஓடும் ஆறு மட்டுமே. சேதுபார்வதிபுரம் அணை 1946இல்தான் நிறைவடைந்தது. நாங்கள் நின்ற பாதைக்குக் கீழே நீருக்குள் அவர் நடந்த தடம் இருந்தாலும் இருக்கலாம். மகள் எழுந்துபோய் நீரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்படியானால் பூட்டி ஏரியைவிட மூத்தவர்” என்றாள்.

பாதை ஏரியை முழுதும் சுற்றவில்லை. ஓரிடத்தில் நீரைவிட்டு விலகி, கிராண்டிஸ் மரங்களின் நடுவே பூட்டிய கதவொன்றில் முடிந்தது. வந்த வழியே திரும்பினோம். அந்த வளைவில் மகள் முழங்காலை இளக்கி, உடலைப் பின்னால் சாய்த்து, சக்கரம் சற்று வழுக்கியபோதும் பதறாமல் இறங்கினாள். அம்மா தேயிலைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாலக்காட்டிலும் கால்வாய்க் கரை இருக்கிறது, அப்பத்தா. வண்டியே வராது. நீங்கள் தினமும் நடக்கலாம்.”

“மேடு உண்டா?”

“இல்லை. முழுவதும் சமதளம்.”

“மேடில்லாமல் எப்படி நடப்பது?” என்றார் அம்மா. அவர் விளையாட்டாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் சாமான்களை ஏற்றினோம். பீரோ, கட்டில், பாத்திர மூட்டைகள், அப்பாவின் படம், அம்மிக்கல். அம்மிக்கல்லை விட்டுவிடலாம் என்றேன், அம்மா கேட்கவில்லை. வண்டி நிறைந்தபின் மிதிவண்டிகளுக்கு இடமில்லை. ஓட்டுநர் அவற்றைச் சாமான்களின் உச்சியில் படுக்க வைத்துக் கட்டலாம் என்றார். கட்டில்காலில் உரசி வண்ணம் போய்விடுமே என்று மகள் தயங்கினாள். அம்மா பூட்டிய வீட்டை மீண்டும் திறந்து உள்ளே சென்றார். மழையிலும் பனியிலும் கொழுந்து பறிக்கும்போது போர்த்தியிருந்த பழைய கம்பளி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து வந்து, மிதிவண்டியின் சட்டத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். பிறகு சாவியைக் கொடுக்க அலுவலகத்தை நோக்கிக் குறுக்குப் பாதையில் இறங்கினார்.