ஞாயிற்றுக்கிழமைப் பால சபை

பம்மல் சம்பந்த முதலியாரின் பெயருக்கு முன்னால் நிற்கும் ஊரில், அவர் பிறந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பிறகு, வாடகை வீடொன்றின் மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டுப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக் கொடுக்கப் புகுந்த எனக்கு, அந்தப் பெயர் பெருமையைக் காட்டிலும் அச்சத்தையே அதிகம் தந்தது. அவர் 1891-இல் சுகுண விலாச சபையை ஏற்படுத்தியது பட்டணத்தில். அங்கே வேஷம் கட்டியவர்கள் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும். என் சபைக்கு வருகிறவர்களோ தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவரின் மகள், அனகாபுத்தூரில் தறி வைத்திருப்பவரின் மகன், பல்லாவரம் சந்தையில் கடை போடுகிறவரின் இரட்டைப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது முதல் பதினொன்று வரை, அதாவது கறிக் கடைக்குப் போய் வந்த பின்பும் தொலைக்காட்சியில் படம் தொடங்குவதற்கு முன்பும் உள்ள அந்த இரண்டு மணி நேரந்தான் எனக்கு விதிக்கப்பட்ட காலம்.

பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தாய்மார்களில் ஒருவராவது, “இவன் நடிகனாக வேண்டும்” என்று சொன்னதில்லை. “கூச்சம் போகணும் சார், நாலு பேர் முன்னால வாயத் திறக்கணும்” என்பதே எல்லோருடைய விண்ணப்பமும். முதல் வருஷம் எனக்கு இது மன வருத்தமாக இருந்தது; கலையை மருந்துக் கடைக் கஷாயமாகக் கேட்கிறார்களே என்று உள்ளுக்குள் பொருமினேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது, கஷாயத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் விருந்துக்கு உட்கார்ந்துவிடுகிறார்கள் என்பது தெரிந்தது. மாதச் சம்பளத்தை ஒழுங்காகக் கொடுப்பவர்கள் யாரென்று கேட்டால் அதற்கும் ஓர் அனுபவம் உண்டு: தறிக்காரர் கொடுத்துவிடுவார், கார் வைத்திருப்பவருக்குத்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

ஆரம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்து மண்டபம் கிடைத்தது. பரீட்சைக் காலம் வந்ததும் பூட்டிவிட்டார்கள். பரீட்சை முடிந்தும் திறக்கவில்லை. மாடிக்கு வந்த கதை அதுதான். மாடியில் ஒரே ஒரு தொந்தரவு: மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் காற்று மாறிய நாட்களில் எங்கள் தலைக்கு மேலேயே வரும். அர்ச்சுனன் வாய் திறக்கும்போது ஒன்று, சுபத்திரை அழும்போது ஒன்று. தலையில் அடித்துக்கொண்டு சில மாதம் கழித்த பின், சப்தம் கேட்ட கணத்தில் எல்லோரும் இருந்த நிலையிலேயே அசையாமல் நிற்க வேண்டும், விமானம் போனதும் விட்ட எழுத்திலிருந்து வசனத்தைத் தொடர வேண்டும் என்று ஒரு சட்டம் செய்தேன். தூக்கிய கை தூக்கியபடி, அழுத முகம் அழுதபடி நிற்பதற்கு எவ்வளவு மனோபலம் வேண்டும் என்பது நின்று பார்த்தவர்களுக்கே விளங்கும். விமான நிலையம் எனக்குக் கொடுத்த பாடத் திட்டம் அது.

பழைய பாய்ஸ் கம்பெனிகளைப் பற்றி ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் என்னிடமும் வருவதுண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது அதில் சேர்ந்த டி. கே. சண்முகத்துக்கு வயது ஆறு. அபிமன்யு வேஷத்துக்குப் பொருத்தமாக அந்தப் பையன் கிடைத்ததும், சுவாமிகள் ஒரே இரவில் உட்கார்ந்து ‘அபிமன்யு சுந்தரி’யை எழுதி முடித்தாராம், ‘எனது நாடக வாழ்க்கை’ என்ற நூலில் சண்முகமே இதைப் பதிவு செய்திருக்கிறார். வாத்தியாருக்குப் பிள்ளைகள் இரவும் பகலும் கைவசம். சோறும் அங்கே, தூக்கமும் அங்கே, அடியும் அங்கே. அந்த வித்தையில் ஒரு பங்குகூட ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தில் வாராது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பாட்டுத் தப்பினால் பிரம்பு என்று பயந்து, பண்டிகைக்கும் வீடு போக முடியாமல், ஊர் ஊராய் மூட்டை கட்டிய சிறுவர்களின் பால்யத்தை விலையாகக் கொடுத்து வாங்கிய வித்தை அது. பதினொரு மணி அடித்ததும் பிள்ளை படியிறங்கித் தன் வீட்டுச் சோற்றுக்குப் போகிற என் சபையின் அரைகுறை வித்தையே எனக்குப் போதும் என்று சில காலமாக அபிப்பிராயம் கொண்டிருக்கிறேன். சோம்பேறி வாத்தியாரின் சமாதானம் என்று யாரேனும் சொன்னால் சண்டைக்குப் போகமாட்டேன்.

மகரக்கட்டு ஒன்றைச் சொன்னால் வித்தியாசம் புரியும். அந்தக் காலத்தில் ஸ்திரீபார்ட் போடும் பையனுக்குக் குரல் உடைந்ததென்றால், நேற்று வரை தமயந்தியாய் நின்றவன் இன்று திரை இழுக்கப் போக வேண்டியதாகிவிடும். எங்கள் சபையில் கிருஷ்ணனாக இருந்த பதின்மூன்று வயதுப் பையனுக்கு ஒத்திகையின் நடுவிலேயே குரல், கிணற்றில் தகரக் குடம் மோதியதுபோல் கரகரத்துப் போயிற்று. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் அடுத்த வாரம் வரவில்லை. வீட்டுக்குப் போய் அழைத்து வந்து துரோணராக்கினேன். அந்த உடைந்த குரலில், “வியூகத்தை அடையுங்கள்” என்று அவன் சொன்னபோது சிரித்தவர்கள் எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள்.

நாங்கள் எடுத்துக்கொண்டது பதின்மூன்றாம் நாள் போர். வியூகத்துக்குள் நுழையத் தெரிந்து வெளியேறத் தெரியாத பிள்ளையின் கதை பிள்ளைகளுக்கு விளக்கம் வேண்டாமலே விளங்கிற்று. அபிமன்யுவுக்குப் பத்து வயது. சலங்கை கட்டிக்கொள்வதில் அவனுக்கு அலாதி ஆசை. அவனை அழைத்து வரும் பாட்டி, மாடிப்படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு எங்களைக் கவனிக்காததுபோல் கவனித்துக்கொண்டிருப்பாள். ஆறு மகாரதிகளும் சூழ்ந்து அவனைச் சாய்க்கும் இடத்துக்கு ஒத்திகை வந்த அன்று, அவன் கீழே விழுந்து கண்ணை மூடிய மாத்திரத்தில் கிழவி எழுந்து மேலே வந்துவிட்டாள்.

“வாத்தியாரே, எம் பேரனை எழுப்புங்க.”

“கதைதானே பாட்டி.”

“கதையோ நெசமோ, அவன் மல்லாந்து கெடக்கறதப் பாக்க என்னால ஆவாது. வேற எத வேணும்னாலும் செய்யச் சொல்லுங்க.”

சாஸ்திரம் பேசுகிறாள் என்று முதலில் எண்ணினேன். அந்த வீட்டுக் கூடத்தில் இரண்டு வருஷத்துக்கு முன் பையனின் தகப்பனார் கிடத்தப்பட்டிருந்த விஷயம், தறிக்காரர் சொல்லி, அன்று மாலைதான் எனக்குத் தெரிய வந்தது. அபிமன்யு சாகாமல் பாரதம் நடவாது. பையன் விழுந்தால் பாட்டி தாங்க மாட்டாள். தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்த பின் இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்க, அதன் பின்னால் வேஷக்காரன் வந்து நிற்பான் அல்லவா? வருவதற்குப் பிடிக்கும் திரையைப் போவதற்குப் பிடித்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. தறிக்காரர் சிவப்புத் துணி ஒன்றை நெய்து கொடுத்தார். ஆறு பேரும் நெருங்குகையில் துணி உயரும். துணி அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து உள்ளே போகும். அது இருந்த இடத்தில் அட்டைக் கத்தி மட்டும் கிடக்கும். பையன் துணிக்குப் பின்னால் நடந்தே போய்விடலாம்.

கல்யாண மண்டபத்தில் நாடகம் நடந்தது. எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தது. துணி உயர்ந்தது. ஆனால் அதைப் பிடித்த இரண்டு பிள்ளைகளும் சபையைக் கண்ட உற்சாகத்தில் ஒத்திகையைவிட ஒரு முழம் உயர்த்திப் பிடித்துவிட்டார்கள். துணிக்குக் கீழே, இறந்துபோன அபிமன்யுவின் செம்பஞ்சு பூசிய கால்கள் முந்நூறு பேருக்கும் பளிச்சென்று தெரிந்தன. அது போதாதென்று, திரை நகர்ந்தபோது அவை ஜல் ஜல் என்று சலங்கை ஒலிக்கக் கூடவே நடந்தன. சலங்கையைக் கழற்றச் சொல்ல மறந்த பாவி நான். பக்கத் திரையின் மறைவில், சிரிப்பு எப்போது வெடிக்கும் என்று பற்களைக் கடித்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு வரவில்லை. கத்தி கிடந்த இடத்தையும், ஒலி தேய்ந்து போன திக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு சபை உட்கார்ந்திருந்தது.

எல்லாம் முடிந்து, அரிதாரம் கலையாத பேரனுக்குத் தூக்குச் சட்டியிலிருந்து இட்டிலி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பாட்டியிடம் தயங்கித் தயங்கிப் போனேன். காலைப் பார்த்தீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

“சலங்கச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்திச்சி வாத்தியாரே,” என்றாள் அவளே, இன்னோர் இட்டிலியை எடுத்துக்கொண்டு. “உள்ளார போற வரைக்கும்.”