மரை

கொஞ்சம் கிறுக்கான ஆளை 'மரை கழண்டவன்' என்பார்கள். மல்லாங்கிணற்றில் என் சித்தப்பாவுக்கு அந்தப் பெயர் உண்டு. ராயல் என்ஃபீல்ட் 1990களில் டாரஸ் என்ற டீசல் புல்லட்டை விற்றது. அதை வாங்க வசதியில்லாத சித்தப்பா, தன் பழைய பெட்ரோல் புல்லட்டிலேயே டீசல் இன்ஜினை ஏற்றக் கிளம்பினார். மதுரை பழைய இரும்புக் கடைகளில் சாமான் சேர்க்கவே ஒரு வருஷம் ஆனது.

இன்ஜினைத் தாங்கும் கனத்த தகட்டில் மரை போட வேண்டும். 10 எம்.எம். போல்ட்டுக்கு 8.5 எம்.எம். துளை. நான் எண்ணெய் விட, அவர் டேப்பை அரைச்சுற்று முன்னே திருப்பி, கால்சுற்று பின்னே எடுத்துப் பிசிறை உடைப்பார். "அவசரப்பட்டா உள்ளயே ஒடிஞ்சிரும்டா. அப்புறம் எந்த ட்ரில்லும் அதைத் தொடாது."

வண்டி தடதடத்துத் திருச்சுழி வரை போனது. மழை பொய்த்து, கிணறு வற்றிய வருஷங்கள் அவை. உண்மையில் அந்த வேலைதான் சித்தப்பாவைக் கழண்டுவிடாமல் பிடித்து வைத்திருந்தது.